ஓடி வராதீங்க, வண்டி வரும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி வாக்கில் சேவூரில் நல்லான் வீட்டைத் தாண்டிப் போகிறவர்கள், வாசலில் ஒரு வேன் உறுமிக்கொண்டு நிற்பதைப் பார்ப்பார்கள். அது எங்கும் கிளம்புவதில்லை. கால் மணி நேரம் உறுமிவிட்டு அடங்கிவிடும். ஓட்டுநர் இருக்கையில் அறுபதை எட்டிய ஒரு மனிதர், இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையோடு, ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பார்.

“பேட்டரி எறங்கிடக் கூடாதுங்க, அதுக்குத்தான்” என்பார் நல்லான், யாராவது கேட்டால்.

“பேட்டரியாவது ஒண்ணாவது” என்பார் அவர் மனைவி ராமாத்தாள், கீரை ஆய்ந்த கையை உதறிக்கொண்டு. “அந்தச் சத்தத்தக் கேக்காட்டி இவருக்குச் சோறு எறங்காதுங்க.”

வெள்ளையாகப் பிறந்து பழுப்பாகிவிட்ட வேன். ஜன்னல் திரைகளில் கொம்பு வைத்த மான்களும், ஆறு முனை கொண்ட பனிப் பூக்களும் அச்சிட்டிருக்கும். சேவூர் வெயிலில் அந்தப் பனியும் வெளுத்துவிட்டது. உள்ளே நான்கு இருக்கைகள், அடுக்குக் கட்டில்கள், ஒரு கேஸ் அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி. போன வருஷம் புரட்டாசியில் தொடங்கி முப்பத்தெட்டு நாள் அது நான்கு பேருக்கு வீடாக இருந்தது. அந்த வீடு இமயமலைக்கு அந்தப்புறம் லடாக் வரை உருண்டு போய்விட்டுத் திரும்பி வந்தது. அந்த முப்பத்தெட்டு நாளில் ஒரே ஒரு பிற்பகலை நினைத்தால் மட்டும் நல்லானுக்கு இப்போதும் கண் நிறைந்துவிடும்.

அந்தப் பிற்பகலைச் சொல்ல வேண்டுமானால், அதற்குப் பதினான்கு வருஷம் முந்தைய ஒரு காலையிலிருந்து தொடங்க வேண்டும்.

நல்லான் இருபத்தேழு வருஷம் கம்பெனி வேன் ஓட்டியவர். வீரபாண்டியில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனி. சேவூரில் ஆள் ஏற்றி, அவிநாசி வழியாகத் திருப்பூருக்குள் நுழைந்து, நெரிசலைப் பிளந்துகொண்டு எட்டரை மணி ஷிப்டுக்குள் கொண்டுபோய் இறக்க வேண்டும். மாலையில் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். ஒரே சாலை, ஒரே வளைவுகள், இருபத்திரண்டு பெண்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு நிறுத்தம், ஒரு இருக்கை. இருக்கையில் பெயர் எழுதவில்லை, ஆனால் மாறி உட்கார்ந்தால் சண்டை வரும்.

நிறுத்தத்துக்கு முந்தைய வளைவில் அவர் ஹார்ன் அடிப்பார். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. பீப், பீப், பீஈஈப். அந்தச் சத்தம் கேட்டதும் சேவூர் வீடுகளில் தலை வாரிக்கொண்டிருந்தவள் பின்னலை வாயில் கவ்விக்கொண்டு ஓடுவாள். சோற்றுப் போசியை மூடாமல் ஒருத்தி ஓடுவாள். நல்லான் யாருக்காகவும் நிற்க மாட்டார். “வண்டி நிக்காது” என்பதுதான் அந்த நாளில் அவருடைய பெருமை.

மூன்றாம் வரிசை, இடது ஜன்னல் ஓரம், மயிலாளின் இருக்கை. செக்கிங் பிரிவில் வேலை. தைத்து வருகிற துணியை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, எங்கே குறை இருக்கிறதோ அங்கே ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவாள். தையல்காரர்கள் அதைப் பார்த்துச் சரி செய்வார்கள். சரியானதும் ஒட்டியவளே அதை உரித்து எடுப்பாள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில், வெளிநாட்டுக் குழந்தைகளுக்கான உடுப்பில் அச்சிட்டிருந்த பனிப் பூக்களைச் சாயக் கறை என்று நினைத்து, ஒரு பெட்டி முழுக்க அம்பு ஒட்டிவைத்தாள். சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டார். “பனிங்கறது அப்பிடியா இருக்கும்? நம்மூர்ல மார்கழில புல்லு மேல இருக்கறதத்தான் பாத்திருக்கறேன்” என்றாள் மயிலாள். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி வேன் பல வருஷம் சிரித்தது.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் அந்தக் காலை வந்தது.

ஐப்பசி மாதம். தூறல். அன்று சரக்கு அனுப்பியாக வேண்டிய நாள். முந்தைய நாள்தான் மேனேஜர் நல்லானைக் கூப்பிட்டு, இன்னொரு நாள் தாமதமானால் வேறு டிரைவரைப் போட்டுவிடுவேன் என்று சொல்லியிருந்தார். நல்லான் வளைவில் ஹார்ன் அடித்தார். நிறுத்தத்தில் நின்றவர்கள் ஏறினார்கள். மயிலாளைக் காணோம். வண்டியை எடுத்தார்.

இடது பக்கக் கண்ணாடியில் அவள் தெரிந்தாள். ஒரு கையில் சோற்றுப் பை. இன்னொரு கையை உயர்த்தியபடி சேற்றில் ஓடி வருகிறாள். நல்லான் பார்த்தார். பார்த்தும், ஆக்சிலேட்டரை மிதித்தார். கண்ணாடியில் அந்த உருவம் சின்னதாகி, இன்னும் சின்னதாகி, மழைக்குள் கரைந்துபோயிற்று.

அடுத்த நிறுத்தத்திலாவது வேனைப் பிடித்துவிடலாம் என்று பக்கத்து வீட்டுக்காரருடைய மொபெட்டில் ஏறினாள் மயிலாள். திருப்பத்தில் வண்டி சறுக்கியது. வலது கால் அடியில் மாட்டிக்கொண்டது. காலுக்குள் கம்பி வைத்து, ஐந்து மாதம் படுத்திருந்தாள்.

ஆறாம் மாதம், காலை இழுத்து இழுத்து நடந்து வந்து வேனில் ஏறினாள். அதே மூன்றாம் வரிசை, அதே ஜன்னல். அவள் திட்டுவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நல்லான் காத்திருந்தார். அவள் சொன்னது இதுதான்:

“ஹார்ன் அடிச்சீங்களாமுங்க அண்ணா. நான்தான் போசி மூடியத் தேடிட்டு நின்னுட்டேன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அந்த வார்த்தையைத் தாங்க முடியவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். மறுநாள் காலை எல்லோரும் ஏறியதும் வண்டியை எடுக்காமல், எழுந்து நின்று, பின்னால் திரும்பிப் பேசினார். இருபத்தேழு வருஷத்தில் அவர் செய்த ஒரே சொற்பொழிவு அது.

“எல்லாரும் கேட்டுக்கோங்க. இனிமே ஹார்ன் கேட்டா யாரும் ஓடி வராதீங்க. ரோட்டோரம் வந்து, நின்ன எடத்துல நில்லுங்க. வண்டி உங்ககிட்ட வரும். எவ்வளவு நேரமானாலும் வரும்.”

ஓவர்லாக் மெஷினில் தைக்கிற பிரிசில்லாதான் முதலில் பேசினாள். “டிரைவரண்ணன் ஞானஸ்நானம் வாங்கிட்டாருடி” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மயிலாளும் சிரித்தாள்.

அன்று முதல் அப்படியே நடந்தது. பெண்கள் ஓடுவதை நிறுத்தினார்கள். ஹார்ன் கேட்டதும் ரோட்டோரம் வந்து இடது கையை லேசாகத் தூக்கியபடி நிற்பார்கள். வேன் வந்து கதவு சரியாக அவர்கள் எதிரில் நிற்கும். தாமதமானதற்கு மேனேஜரிடம் திட்டு வாங்கிக்கொண்டார் நல்லான். வேலை போகவில்லை.

ஆனால் ஒன்று மட்டும் அவரை விடவில்லை. அவள் வேலைக்குத் திரும்பிய வாரத்தில், வேனைக் கழுவும்போது, மூன்றாம் வரிசைக்கு முன்னால் இருந்த இருக்கையின் முதுகில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைப் பார்த்தார். அம்பின் முனை நேராக ஓட்டுநர் இருக்கையைப் பார்த்து நின்றது.

குறை இங்கே இருக்கிறது என்று அல்லவா அதற்கு அர்த்தம்? நல்லான் அதை உரிக்கவில்லை. ஒட்டியவள்தான் உரிக்க வேண்டும். தினமும் துடைப்பார், அதைச் சுற்றித் துடைப்பார். ‘உன்னைக் கண்ணாடியில் பார்த்தேன் அம்மிணி, பார்த்துவிட்டுத்தான் போனேன்’ என்று ஒரு வரி. அதைச் சொல்ல ஆயிரம் முறை வாய் எடுத்திருப்பார். நாக்கு எழவில்லை.

வருஷங்கள் ஓடின. கம்பெனி பெரிய பஸ்கள் வாங்கியது. நல்லானுக்கு ஓய்வு. மயிலாளும் காலின் வலியால் அதே மாதம் வேலையிலிருந்து நின்றாள். பழைய வேனை நல்லானே எடுத்துக்கொண்டார். கடைசி நாள் மாலை, எல்லோரையும் இறக்கிவிட்ட பிறகு, மயிலாளும் பிரிசில்லாவும் மட்டும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

“இத்தன வருஷமா பனி போட்ட துணியாவே பாத்துட்டேன்” என்றாள் மயிலாள், ஜன்னலைப் பார்த்தபடி. “நெசத்துல ஒருக்காக்கூடப் பாக்கலீங்க.”

“இந்த வண்டியிலயே போலாமா மயிலக்கா? சொல்லு, இப்பவே திருப்பச் சொல்றேன்” என்றாள் பிரிசில்லா.

அவள் கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் நல்லான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். மயிலாள் தன் வாழ்நாளில் அவர் காதுபட ஆசைப்பட்டுக் கேட்ட முதல் பொருள் அது.

பனி பார்க்கக் கூட்டிப்போவதாக நல்லான் சொன்னதும் வீடு முழுக்கச் சிரித்தது. உறவினர்கள் முகம் சுளித்தார்கள். ராமாத்தாள்தான் வாயை அடைத்தாள். “நானும் போறேன். எம்பட ஊட்டுக்காரரு ஓட்டற வண்டியில எம்பட சிநேகிதிங்க வர்றாங்க. உங்களுக்கென்ன?”

வீரபாண்டியில் ஒரு பட்டறையில் வேனை விட்டார்கள். இருக்கைகளைக் கழற்றி நான்கை மட்டும் வைத்தார்கள். மூன்றாம் வரிசை இடது ஜன்னலையும், அதற்கு முன்னால் இருந்ததையும் கழற்ற நல்லான் விடவில்லை. கட்டில், அடுப்பு, தொட்டி எல்லாம் வந்தன. கழிவறைக்கு மட்டும் இடம் போதவில்லை. பிரிசில்லா ஏற்றுமதியில் கழிக்கப்பட்ட கம்பளித் துணியை மூட்டையாகக் கொண்டுவந்து திரை, போர்வை, தலையணை உறை என்று தைத்துத் தள்ளினாள். எல்லாவற்றிலும் மான், எல்லாவற்றிலும் பனிப் பூ. வண்டிக்குள் ஏறினால் கிறிஸ்துமஸ் மாதிரி இருந்தது.

புரட்டாசி பிறந்ததும் கிளம்பினார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நல்லான் கண்ணை மூடிக்கொண்டார். பிரிசில்லா சிலுவை போட்டுக்கொண்டாள். மயிலாள் ஏறித் தன் ஜன்னலோரம் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் சோற்றுப் பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

எத்தனை இனிமையான நாட்கள் அவை. நாக்பூர் வெயிலில் வேன் கூரை மேல் துணி காய்ந்தது. ஆக்ரா தாண்டி ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி வரத் தாமதமானபோது, பிரிசில்லா தனக்குத் தெரிந்த ஹிந்தியை எடுத்துவிட்டாள். கம்பெனியில் பீகார் பெண்களிடம் கற்றது அது. “ஜல்தி கரோ பய்யா, ஷிப்மெண்ட் ஹை” என்றாள். சீக்கிரம், சரக்கு அனுப்ப வேண்டும் என்று அர்த்தம். கடைக்காரர் திகைத்து நின்றுவிட்டுச் சிரித்தார், கூடுதலாக ஒரு கிண்ணம் தயிர் கொடுத்தார். சண்டிகருக்கு மேலே தேங்காய் எண்ணெய் உறைந்தது. மணாலியில் ராமாத்தாள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். அதற்கும் மேலே போனபோது குக்கர் இல்லாமல் அரிசி வேகவில்லை. “இந்த ஊர்ல அரிசிக்கே மூச்சு வாங்குதுங்க” என்றாள்.

மலைகளில் மரம் நின்றுபோயிற்று. பிறகு புல்லும் நின்றுபோயிற்று. செம்மண்ணும் சாம்பலும் கலந்த வெற்று மலைகள், மேலே கண் கூசும் நீலம். நான்கு பேரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். சாயப்பட்டறை வாசலில் பிறந்து வளர்ந்த கண்களுக்கு, ஆற்றுத் தண்ணீர் இவ்வளவு தெளிந்த பச்சையாக இருக்க முடியும் என்பதே புதிதாக இருந்தது. பனி மட்டும் இன்னும் கைக்கெட்டவில்லை. உச்சிகளில் தூரத்தில் தெரிந்தது, அவ்வளவுதான்.

பாங் என்ற இடத்தில் ராணுவக் கூடாரங்களைத் தாண்டி மேலே ஏறினால் மோரே சமவெளி. பதினைந்தாயிரம் அடிக்கு மேல் ஒரு மைதானம். நாற்பது கிலோமீட்டருக்கு நூல் பிடித்த மாதிரி ஒரே சாலை. மரம் இல்லை, பாறை இல்லை, வீடு இல்லை. தூரத்தில் சில காட்டுக்கழுதைகள் மேய்ந்தன. செல்போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. மதியம் மூன்று மணி இருக்கும். வடக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

“அண்ணா, சித்த நிறுத்துங்க” என்றாள் மயிலாள். எதற்கென்று கேட்க வேண்டியதில்லை. இத்தனை தூரமும் ஒரு புதரோ பாறையோ மறைவுக்குக் கிடைத்தது. இங்கே எதுவும் இல்லை. சாலையை விட்டு இடப்பக்கம், இரண்டு பர்லாங்கு தள்ளி, ஒரு மண்மேடு மட்டும் தெரிந்தது.

“வண்டிக்குப் பின்னாலயே போயிட்டு வாக்கா” என்றாள் பிரிசில்லா. “இங்க யாரு இருக்கா, கழுதையத் தவுர?”

“கழுதைக்கும் கண்ணு இருக்குது பிரிசி.”

ராமாத்தாளுக்குத் தலைவலி. படுத்திருந்தாள். மயிலாள் மான் போட்ட சிவப்புப் போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டு இறங்கினாள்.

“மேகம் வருது அம்மிணி, சீக்கிரம் வந்துரு” என்றார் நல்லான்.

அவள் தலையாட்டிவிட்டு, காலை இழுத்து இழுத்து மேட்டை நோக்கிப் போனாள். அவள் மேட்டுக்குப் பின்னால் மறைந்த கொஞ்ச நேரத்தில் முதல் பனி விழுந்தது. பிரிசில்லா கையை வெளியே நீட்டினாள். உள்ளங்கையில் ஒரு துகள் உட்கார்ந்தது. “ஐயோ ராமக்கா, பிரிண்ட்ல இருக்கற மாதிரியேதான் இருக்குது” என்று குழந்தை மாதிரிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு முடிவதற்குள் காற்று வந்தது. அது சாதாரணக் காற்றல்ல. பஞ்சு ஆலையில் மூட்டை உடைந்த மாதிரி, வானமும் பூமியும் ஒரே வெள்ளையாயிற்று. மேடு காணோம். கழுதைகள் காணோம். வேனின் முகப்பு தாண்டிச் சாலையே காணோம்.

நல்லான் ஹார்னை அழுத்தினார். பீப், பீப், பீஈஈப். மறுபடி. மறுபடி. சத்தம் கேட்டால் அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவாள். கண்டிப்பாக வந்துவிடுவாள். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். இருபது நிமிஷம். பிரிசில்லா கதவைத் திறந்து கத்திப் பார்த்தாள். காற்று அவள் குரலை வாயிலேயே திருப்பித் திணித்தது. அவள் முழங்காலிட்டு ஜெபிக்க ஆரம்பித்தாள்.

“அந்தக் கால வெச்சுட்டு எத்தன தூரம் நடப்பா?” ராமாத்தாள் அழுதாள். “தனியா விட்டுப்போட்டனே. தலைவலின்னு படுத்துக் கெடந்தேனே பாவி.”

நல்லான் கதவைத் திறந்து இறங்கப் போனார். ராமாத்தாள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “நீங்களும் போயிட்டா யாரு யாரத் தேடறது? ஹார்ன் அடிங்க. ஹார்ன அடிச்சுட்டே இருங்க.”

அடித்தார். உலகத்தில் எங்கே இருந்தாலும் இந்தச் சத்தம் மயிலாளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் கேட்ட சத்தம். பிறகு ஏன் வரவில்லை? விழுந்துவிட்டாளா? அந்தக் கால் மடங்கிவிட்டதா? அன்று நான் முறித்த கால் இன்று அவளைக் கொல்லப் போகிறதா?

உள் கண்ணாடியில் மூன்றாம் வரிசை தெரிந்தது. காலியான ஜன்னலோரம். அதன் முன்னால், முதுகில் அந்த அம்பைச் சுமந்த இருக்கை.

ஹார்னை அழுத்திய கை அப்படியே நின்றது.

ஓடி வராதீங்க. நின்ன எடத்துல நில்லுங்க. வண்டி உங்ககிட்ட வரும்.

“ராமாத்தா” என்றார். “அவ வர மாட்டா. ரோட்டோரத்துல நின்னுட்டு இருப்பா. நான் ஹார்ன் அடிக்க அடிக்க அவ நின்ன எடத்துலயே நிப்பா. வண்டி வருமுன்னு நிக்கறா. நாம இங்க நின்னுட்டு அவள வரச் சொல்லிட்டிருக்கறோம்.”

ராமாத்தாளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எந்தப் பக்கம் நிற்பாள்? காற்று வடக்கிலிருந்து, முன்னாலிருந்து அடித்தது. மேட்டிலிருந்து சாலைக்கு வருகிறவளை அது பின்பக்கம்தான் தள்ளியிருக்கும். வேனைத் தாண்டிப் பின்னால் எங்கோ சாலையைத் தொட்டிருப்பாள். திருப்ப முடியாது. சாலை எது, சரிவு எது என்று தெரியாத வெள்ளையில் திருப்பினால் வண்டி கவிழும். பின்னாலேயே போக வேண்டும்.

திருப்பூரில் பனியன் கம்பெனிச் சந்துகளில் இருபத்தேழு வருஷம் வண்டி ஓட்டியவருக்கு ரிவர்ஸ் புதிதல்ல. ஆனால் இங்கே சுவர் இல்லை, மனிதர் இல்லை. தவறினால் அவள் மேலேயே ஏறிவிடும்.

“பிரிசி, எடப்பக்கக் கதவுல நில்லு. தார் விளிம்பப் பாத்துட்டே இரு. ராமாத்தா, நீ பின் கண்ணாடிக்குப் போ. ரெண்டு தட்டுனா போவேன். ஒரு தட்டுனா நிறுத்துவேன்.”

பிரிசில்லா கதவுக் கம்பியில் ஒரு கையைக் கோத்துக்கொண்டு பாதி உடம்பு வெளியே தொங்கினாள். முகத்தில் பனி அறைந்தது. தகரத்தில் தட்டினாள். தட் தட். வேன் நகர்ந்தது. “வாங்க, வாங்க, வாங்க… ஒடிக்காதீங்க… வாங்க.” தட் தட். பத்தடி. இருபதடி. நல்லான் நிறுத்தி, ஹார்ன் அடித்து, மறுபடி நகர்த்தினார். அவர் கண் இடது பக்கக் கண்ணாடியை விட்டு அகலவில்லை. ஜன்னல் வழியாகக் கம்பில் துணி கட்டி அதைத் துடைத்துக்கொண்டே இருக்கச் சொன்னார் பிரிசில்லாவை. அவள் தன் முந்தானையாலேயே துடைத்தாள்.

எவ்வளவு தூரம் அப்படிப் போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு ஆயுசு தூரம்.

பிறகு கண்ணாடியில், வெள்ளைக்குள், ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது.

புள்ளி அசையவில்லை. வண்டி நகர நகர அதற்கு ஒரு தலை முளைத்தது. தோளில் மான் போட்ட போர்வை. உயர்த்திய ஒரு கை. அதே கண்ணாடி, அதே மயிலாள். அன்றைக்குச் சின்னதாகிக்கொண்டே போனவள் இன்றைக்குப் பெரியதாகிக்கொண்டே வந்தாள்.

தட். பிரிசில்லா ஒரு தட்டுத் தட்டினாள்.

வேன் நின்றது. கதவு சரியாக அவள் எதிரில் இருந்தது.

புருவத்தில் பனி, உதடு நீலம். கீழிறக்க மறந்துபோன கையோடு மயிலாள் உள்ளே பார்த்தாள். “ஏனுங்கண்ணா, இன்னைக்கு இவ்வளவு லேட்டு?” என்றாள், பற்கள் அடித்துக்கொள்ள.

இரண்டு பெண்களும் அவளை அள்ளி உள்ளே இழுத்தார்கள். ராமாத்தாள் அவளைக் கட்டிக்கொண்டு முதுகிலேயே இரண்டு அடி வைத்தாள். “கழுதைக்குக் கண்ணு இருக்குதாம். பேசறா பாரு பேச்சு.” அடித்த கையாலேயே பாதங்களைத் தேய்த்தாள். பிரிசில்லா சுக்குக் காப்பி வைத்தாள், சிந்தினாள், மறுபடி வைத்தாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

“ஹார்னு கேட்டுச்சு” என்றாள் மயிலாள், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. “மேட்டுல இருந்து எறங்கறப்ப ஒண்ணும் தெரியல, பயமாப் போச்சு. எப்பிடியோ தார் ரோடு கால்ல பட்டுது. அப்ப ஹார்னு கேட்டுச்சா, பயம் போயிருச்சு. எந்தப் பக்கம்னு தெரியல. தெரிஞ்சு என்ன, வண்டிதான் வருமேன்னு நின்னுட்டேன்.”

நல்லான் தன் இருக்கையிலிருந்து எழுந்து வந்தார். அவளுக்கு எதிரில், வேன் தரையில் உட்கார்ந்தார். வெளியே காற்று வேனை ஆட்டிக்கொண்டிருந்தது. பதினான்கு வருஷம் எழாத நாக்கு எழுந்தது.

“அன்னைக்கு நான் உன்னப் பாத்தேன் அம்மிணி. கண்ணாடியில பாத்தேன். கையத் தூக்கிட்டு ஓடியாந்த. பாத்துட்டேதான் போனேன்.”

ராமாத்தாள் தேய்ப்பதை நிறுத்தினாள். அவளுக்கும் இது தெரியாது. பிரிசில்லா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மயிலாள் ஒரு வாய் காப்பி குடித்தாள்.

“தெரியுமுங்கண்ணா.”

“என்னது?”

“அது கண்ணாடிங்க. உங்களுக்கு நான் தெரிஞ்சா எனக்கு நீங்க தெரிய மாட்டீங்களா? உங்க கண்ணு தெரிஞ்சுது. பாத்தீங்க, அப்புறம் முன்னால திரும்பிட்டீங்க.”

“தெரிஞ்சுமா இத்தன வருஷம்…”

“மொதல்ல ஆத்திரமாத்தான் இருந்துச்சு. அஞ்சு மாசம் படுத்துட்டே உங்களத்தான் வஞ்சேன். திரும்பி வந்தன்னைக்கும் நாலு வார்த்தை கேக்கோணும்னுதான் ஏறுனேன். உங்க மூஞ்சியப் பாத்தேன். நான் வஞ்சத விட எச்சா நீங்களே வஞ்சுக்கிட்டாப்பல இருந்துச்சு. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்றது? மறுநாள் எந்திரிச்சு நின்னு பேசுனீங்களே, ஓடி வராதீங்கன்னு. அத்தோட செரியாப் போச்சுங்க.”

நல்லான் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். அறுபது வயது மனிதர் தோள் குலுங்க அழுவதை மூன்று பெண்களும் தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, முன் இருக்கையின் முதுகைக் காட்டினார்.

“அப்ப அந்த அம்பு?”

“எந்த அம்பு?”

“என்னையப் பாத்து ஒட்டி வெச்சயே. குறை இங்க இருக்குதுன்னு. பதினாலு வருசமா நான் அதச் சுத்திச் சுத்தித் தொடைக்கறேன்.”

மயிலாள் குனிந்து பார்த்தாள். புருவத்துப் பனி உருகி மூக்கு வழியாக இறங்கியது. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது.

“ஐயோ கடவுளே. அது சீட்டு கவர் கிழிஞ்சிருக்குதுன்னு ஒட்டுனதுங்கண்ணா. அம்புக்கு நேரா மேல பாருங்க, தையல் விட்டிருக்குது. தெச்சுப் போடுவீங்கன்னு பாத்தேன். கடைசி வரைக்கும் தெக்கவே இல்ல.”

நல்லான் பார்த்தார். அம்பின் முனைக்கு முன்னால் ஒரு விரல் நீளத்துக்குத் தையல் பிரிந்திருந்தது. பதினான்கு வருஷமாக அவர் அதைப் பார்க்கவே இல்லை. பிரிசில்லா அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ராமாத்தாள் அழுகையும் சிரிப்புமாக முந்தானையில் முகத்தைத் துடைத்தாள்.

ஒரு மணி நேரத்தில் காற்று ஓய்ந்தது. கதவைத் திறந்தார்கள். சமவெளி முழுக்க ஒரே வெள்ளை, அதன் மேல் மாலை வெயில். மயிலாள் இறங்கி நின்றாள். போர்வையில் அச்சிட்டிருந்த பனிப் பூவுக்குப் பக்கத்தில் ஒரு நிஜத் துகள் உட்கார்ந்திருந்தது. விளக்கு வெளிச்சத்தில் துணி பார்க்கிற மாதிரியே அதைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தாள்.

“அந்தப் பெட்டியில நான் ஒட்டுனது எல்லாம் தப்புத்தான்” என்றாள். “பிரிண்ட் செரியாத்தான் இருந்திருக்குது.”

லே வரை போனார்கள். புத்தர் கோயில்களைப் பார்த்தார்கள், வண்ணக் கொடிச் சரம் வாங்கிப் பின் கண்ணாடியில் கட்டினார்கள், வந்த வழியே திரும்பினார்கள். ஊர் சேர்ந்த மறு மாதமே மயிலாளின் மகள் கிருத்திகாவுக்குக் குழந்தை பிறந்தது. மயிலாள் ஓசூருக்குப் போனாள். அங்கேயே தங்கிவிட்டாள். பிரிசில்லா ஒரு சின்ன யூனிட்டில் மறுபடியும் ஓவர்லாக் தைக்கப் போகிறாள். கம்பெனி பஸ் அவளுக்காக நிற்பதில்லை என்று புலம்புகிறாள்.

வேன் சேவூரில் நிற்கிறது.

ஞாயிறு காலை எஞ்சின் உறுமி அடங்கும் முன் ராமாத்தாள் செல்போனை எடுத்து ஓசூருக்குப் போட்டு, ஸ்டியரிங் பக்கம் நீட்டுவாள். நல்லான் ஹார்னை அழுத்துவார். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. தெருநாய் ஒன்று எழுந்து படுக்கும்.

“கேட்டுச்சுங்கண்ணா” என்று வரும் மயிலாளின் குரல், பின்னணியில் குழந்தையின் சிணுங்கலோடு. “நிக்கறனுங்க. சீட்டு கவரு தெச்சாச்சா?”

“இன்னும் இல்ல அம்மிணி.”

“புரட்டாசிக்கு வந்து பாப்பேன். தெக்காம இருந்துச்சுன்னா இன்னொரு அம்பும் ஒட்டுவேன்.”

போன் வைத்த பிறகு நல்லான் டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து பார்த்து மூடுவார். அதற்குள் ஊசியும் வெள்ளை நூலும் வாங்கி வைத்து மாதக் கணக்காகிறது. பிரிசில்லா வந்து தைத்துத் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டார். அது கிழிந்தே இருக்கட்டும். குறை இருக்கிற வரைக்கும் அவள் பார்க்க வந்துதானே ஆக வேண்டும்.